மூன்றாம் வளைவு, இடப்பக்கம்

சத்தமே போடாத ஒரு வண்டிக்காக எப்படிக் காத்திருப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற கல்லூரிக்காரர்களின் பெட்ரோல் வண்டிகள் முதல் வளைவில் திரும்பும்போதே இங்கே காது அடைத்தது. எங்களுடையது மின்சாரத்தில் ஓடுவது, கண்ணுக்கு முன்னால் வந்தால்தான் வந்துவிட்டது என்று தெரியும். வலக்கையில் பச்சைக் கொடி, இடக்கையில் சிவப்புக் கொடி, இரண்டும் வேர்வையில் பிசுபிசுக்கின்றன. கோவைக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையின் லாரித் திடல் இது. இன்று ஒரு நாள் மட்டும் சுண்ணாம்புக் கோடும் பழைய டயர் அடுக்கும் போட்டுப் பந்தயத் தடம் ஆக்கியிருக்கிறார்கள். தடத்தின் மூன்றாம் வளைவில், உள்விளிம்பில், சுண்ணாம்பால் வரைந்த வட்டத்துக்குள் நான் நிற்கிறேன். ஆபத்தான வளைவில் ஒவ்வொரு அணியும் தன் ஆளையே நிறுத்த வேண்டும், அந்த ஆள் சிவப்பைத் தூக்கினால் ஓட்டம் ரத்து, மறு ஓட்டம் கிடையாது, வட்டத்தை விட்டு வெளியே வந்தாலும் ரத்து: காலையிலிருந்து ஒலிபெருக்கியில் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “எப்பவும் தப்பு கண்டுபிடிக்கிறவ நீதானே வக்கீலம்மா, அங்கே போய் நில்லு, வாதாட ஆள் இருக்காது, அதான் சங்கடம்” என்று நவநீதன் சொன்னபோது அணியில் எல்லாரும் சிரித்தார்கள், ஷஃப்ரீன்கூட, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. நவநீதன் எங்கள் அணித்தலைவன், நான்காம் வருடம். ஷஃப்ரீன் வண்டி ஓட்டுகிறவள், என் அறைத்தோழி. நான் மதிவதனி, வண்டியை வரைந்து கணக்குப் போடுகிறவள். கணக்குப் போடுகிறவளைக் கொடி பிடிக்கவிட்டதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட்டேன்தான். ஆனால் சண்டை போடவில்லை, நேற்று மாலையிலிருந்து சண்டை போடும் உரிமையையே நான் இழந்துவிட்ட மாதிரி ஓர் எண்ணம், ஏன் என்றால் நேற்று மாலை நான் “சரி” என்று சொல்லிவிட்டேன்.

வளைவில் மண் சேரச் சேரப் பெருக்குவதற்கு ஓர் அக்காவை நிறுத்தியிருக்கிறார்கள், ருக்குமணி அக்கா, தலையில் துண்டு, கையில் தென்னந்துடைப்பம், நூற்பாலை ஓடிய காலத்தில் உள்ளே வேலை பார்த்தவராம். “ஏனுங் அம்முணி, உங்க வண்டி எப்பத்தான் வரும்?” என்று மூன்றாவது முறை கேட்கிறார். “இப்போ மெதுவா ஒரு சுத்து வரும் அக்கா, அப்புறம் நடுவர்கள் சோதிப்பாங்க, அதுக்கப்புறம்தான் வேகமா.” “மத்ததெல்லாம் நாராசமாக் கத்திட்டுப் போச்சு, நானும் சாக்கிரதையா ஒதுங்கிக்கிட்டேன். உங்களது சத்தமில்லாம வந்து என்ற கால்ல ஏத்தீரும்போல.” “ஏத்தாது அக்கா.” “உங்களுக்கென்ன, சொல்லீருவீங்க.” அது ஆட்டோவா பைக்கா என்று அடுத்தாற்போல் கேட்டார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், ஆனால் வளைவில் பைக் மாதிரி மொத்தமாகச் சாயும் என்றேன். அம்மாவிடமும் இப்படித்தான் சொன்னேன். “ஆட்டோ சாஞ்சா கவுந்துருமே கண்ணு, அதுக்கா பீஸ் கட்டிப் படிக்கற?” என்றாள் அம்மா. இல்லை அம்மா, சாயாவிட்டால்தான் கவிழும், வளைவில் உடம்பை வெளியே தள்ளும் விசை ஒன்று இருக்கிறது, வண்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் அந்த விசை சக்கரத்தின் வழியாக நேராகத் தரைக்குள் போய்விடும் என்று நான் பேசிக்கொண்டே போக, அவள் ரசத்தை இறக்கிவைத்துவிட்டு, “சரி, நீ அதுல ஏறாதே” என்றாள். நான் ஏறவில்லை. ஷஃப்ரீன் ஏறினாள். அவள் அத்தாவுக்கு இன்னும் தெரியாது, மகள் போட்டிக்கு வரைபடம் போட வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எனக்கு மாதாமாதம் அவளோடு சேர்த்து முறுக்கு டப்பா கொடுத்துவிடுகிற மனிதர். இதை இப்போது எதற்கு நினைக்கிறேன்?

மோட்டாரை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்தது எல்லாம். நவநீதன் கீழே என்றான், இருக்கைக்கு அடியில், எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு கீழே. கனம் கீழே இருந்தால் வண்டி நிலையாக நிற்கும், இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும் என்றான். நான் சொன்னேன், நிற்கிற வண்டிக்கு அது சரி, சாயாத வண்டிக்கும் சரி, சாய்கிற வண்டிக்குக் கீழே வைத்தது எதுவோ அதுதான் முதலில் தரையைத் தொடும்; மேலே தூக்கு, சட்டத்துக்குள் கொண்டுபோ, கொஞ்சம் கனம் மேலே போனால் குடி முழுகிவிடாது, சாய்வுதான் நம்மை நிறுத்துகிறது, கனம் இல்லை. ஆறு மாதம். பட்டறைப் பலகையில், கேன்டீன் மேசையில், பேருந்தில், மழையில் நனைந்துகொண்டு. “தட்டினால் என்ன ஆகும்னு சொல்லு பார்ப்போம்” என்று அவன் ஒரு நாள் கேட்டான், சவால் மாதிரி. நான் சொன்னேன்: சக்கரத்தில் இருக்கிற கனம் இரும்புக்கு மாறும், ரப்பருக்குத் தரையைப் பிடிக்கக் கனம் இருக்காது, உள்பக்கச் சக்கரம் எழும்பும், பின்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டு போகும், ஓட்டுகிறவளுக்கு இடுப்போ கழுத்தோ, எது முதலில் டயர் அடுக்கில் மோதுகிறதோ அது. அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போது ஷஃப்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தாள். “என் கழுத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு” என்றாள். நான் தோற்றேன், மோட்டார் கீழேதான் போனது, ஆனால் தோற்பதற்கும் ஒரு விலை கேட்டேன்: மோட்டாரிலிருந்து இடப்பக்கமாக வெளியே வரும் கம்பிகள் கல்லடி படும், அவற்றுக்கு ஒரு தகரக் கவசமாவது போடு என்று பிடிவாதம் பிடித்தேன். போட்டான். என் வாயை மூட. நான் கேட்டு, நான் சண்டை பிடித்து, நான் வாங்கிய கவசம். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வருகிறது. வந்துவிட்டது என்பதை ருக்குமணி அக்காவின் துடைப்பம் நின்றதில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வளைவுக்கு அப்பால் ஒரு மஞ்சள் ஹெல்மெட், அப்புறம் வெள்ளை மூக்கு, அப்புறம் முழு வண்டி, மிதிவண்டி வேகத்தில், டயர் மணலை நெரிக்கும் ஓசை மட்டும். மூன்றாம் வளைவில் திரும்புகிறது, சாய்கிறது, என்னை நோக்கிச் சாய்கிறது, கொஞ்சமாக, சோம்பலாக. ஷஃப்ரீன் முகக்கண்ணாடியைத் தூக்கி, “என்னடி மூஞ்சி இது, வட்டத்துக்குள்ள நிக்க வெச்ச கோழி மாதிரி? பச்சையை ஆட்டுடி, கை வலிக்குதா?” என்று கத்திவிட்டுப் போனாள். ஆட்டினேன். “பொட்டப் புள்ளையா ஓட்டுது!” என்று அக்கா வாயில் கைவைத்தார், சிரித்தார், பிறகு, “ஏன் அம்முணி, அதனோட அப்பனாத்தா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?” என்றார். எனக்கு என்னவோ போல இருந்தது. வெயிலா? காலையில் இரண்டு இட்லிதான் தின்றேன். இல்லை, வண்டியில் ஏதோ. நான்தான் அதை வரைந்தேன், அதன் ஒவ்வொரு போல்ட்டையும் கனவில் பார்த்திருக்கிறேன், இருந்தும் இப்போது என்னைக் கடந்துபோனது எனக்குத் தெரியாத ஒரு வண்டி. தெரிந்த முகத்தைக் கண்ணாடிக்குள் பார்த்த மாதிரி, எல்லாம் இருக்கிறது, எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நான் இந்த வண்டியை இப்படிப் பார்த்ததே இல்லை. இப்படி என்றால் எப்படி? சாய்ந்து பார்த்திருக்கிறேனே, நூறு முறை, இருநூறு முறை, கல்லூரியில் மூன்று வாரம் காலையும் மாலையும் சாய்ந்து சாய்ந்து சுற்றியதே. என் பக்கமாகச் சாய்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது ஷஃப்ரீனின் வலது முழங்கால் என் பக்கம் இருக்கும், அவள் வலது காலணியின் வார் பிய்ந்திருக்கும், அதை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்து இன்றைக்காவது தைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். இன்று பிய்ந்த வாரைக் காணோம். தைத்துவிட்டாளா? தைக்கவில்லை. அது அந்தப் பக்கம் இருக்கிறது. இன்று அவள் இடப்பக்கமாகச் சாய்ந்தாள்.

இடப்பக்கம். இதில் என்ன இருக்கிறது, வளைவு என்றால் வலமும் உண்டு இடமும் உண்டு, இந்தத் தடத்தில் எல்லாம் இடம், வரைபடம் போன வாரமே வந்தது, பார்த்தோம், மடித்து வைத்தோம். பயிற்சியில் இடம் போகவில்லையா என்ன? யோசி. எங்கே பயிற்சி செய்தோம்? கல்லூரிப் பிள்ளையார் கோயிலைச் சுற்றிப் போகிற தார்ச்சாலையில். வேறு வழியில்லை, ஆட்கள் நடமாட்டமில்லாத வட்டச்சாலை அது ஒன்றுதான். முதல் நாள் பட்டறைக்காரர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், நசுக்கினோம், நான் சிரித்தேன், தேங்காய் உடைத்தபோதும் சிரித்தேன், எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று ஊருக்கே தெரியும். அப்புறம் வண்டி கிளம்பியது, கோயிலை வலமாக. மூன்று சுற்று. அடுத்த நாள் வலமாக. அதற்கு அடுத்த நாள். மூன்று வாரம், காலையும் மாலையும், வலம், வலம், வலம். பிள்ளையாரை யாராவது எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்களா? யாரும் அப்படிச் சுற்றக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. கோயிலுக்கு வெளியே கார் போவதும் அப்படித்தான், பால்வண்டி போவதும் அப்படித்தான். விடுதிக்குப் போக அந்தக் கோயிலை இடமாகச் சுற்றினால் நாற்பது அடி மிச்சம், இருந்தும் எல்லாரும் வலமாகச் சுற்றித்தான் போகிறார்கள், நானும் போகிறேன், மூன்று வருடமாக, நான், எதையும் ஏன் என்று கேட்கிற நான், கால்கள் தாமாகத் திரும்பியதைக்கூட கவனிக்காமல். சாலைக்குள் நுழையும்போது ஒரு இடத் திருப்பம் உண்டு, அது நடக்கிற வேகத்தில், அதில் வண்டி சாயவே சாயாது. அப்படியானால் இந்த வண்டி இன்றுவரை வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்ததே இல்லை. ஒரு முறைகூட. இதை நான் இப்போது, இந்த வெயிலில், ஒரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று கண்டுபிடிக்கிறேன்.

அதனால் என்ன? வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே. ஒரே மாதிரி வரைந்தேன். வரைந்த பிறகு கவசம் வந்தது. இடப்பக்கம். நான் கேட்ட கவசம். எவ்வளவு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது? அளந்தேனா? கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல் அகலம், முப்பது மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். களிமண்! களிமண் வைத்தோமே. நேற்று. நவநீதன் போன சதுர்த்திக்கு வாங்கி மிஞ்சின களிமண்ணை நனைத்து மோட்டாரின் அடியில் வலப்பக்கம் ஒரு உருண்டை, இடப்பக்கம் கவசத்தின் விளிம்பில் ஒரு உருண்டை ஒட்டினான், ஓடவிட்டான், வேகமாக, முழுச் சாய்வில், கோயிலைச் சுற்றி. தரை தொட்டால் மண் தேயும். திரும்பி வந்தபோது வலப்பக்க மண் தேய்ந்து தேய்ந்து ஒரு விரல் கனத்துக்கு நின்றது, பதினைந்து மில்லிமீட்டர், ஆக மோட்டாருக்கும் தரைக்கும் நடுவே பதினைந்து மிச்சம், போதும். இடப்பக்க மண் வைத்தது வைத்தபடி இருந்தது, அவன் கட்டைவிரல் ரேகைகூட அழியவில்லை. அதைப் பிய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். “பார்த்தியா வக்கீலம்மா, நீ கேட்ட கவசம் இருக்கிற பக்கம்தான் இன்னும் பத்திரம். நகம்கூடப் படலை. இப்பவாவது ஒத்துக்கறியா?” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு மாதச் சண்டை. அந்த ரேகையைப் பார்த்தேன், அவ்வளவு அழகாக, அவ்வளவு முழுதாக. “சரி” என்றேன். கைதட்டினார்கள். தொடவில்லை, தொடாது என்பதால் இல்லை, தொடும் பக்கமாக வண்டி சாயவே இல்லை என்பதால் தொடவில்லை. இது ஒரு மாணவிக்குப் புரியாதா? ஆறு பேர் நின்றோம். ஆறு பேரும் பொறியியல் படிக்கிறோம். இல்லை, ஏழு பேர், ஷஃப்ரீனும் இருந்தாள், அவளுக்குப் புரிந்தது. போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ அவள் கேட்டாளே, வண்டியை நிறுத்திவிட்டு, “ஏண்டி, ஒரே பக்கமாச் சுத்திச் சுத்தி எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு, ஒரு தடவை அந்தப் பக்கமாப் போறேனே?” என்று. நவநீதன் சொன்னான், “அம்மா தாயே, அது கோயில், செக்யூரிட்டி வந்து கத்துவான்.” மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள், என்னை மட்டும், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் என்ன சொன்னேன்? “விடு, உனக்கு அதெல்லாம் தெரியாது” என்றேன். உனக்கு. அதெல்லாம். அவளுக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியுமாம். அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வலமாகப் போனாள்.

கணக்கு. கணக்குப் போடு, அழாதே. முழுச் சாய்வு முப்பத்தைந்து டிகிரி. பக்கவாட்டில் துருத்துகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தரைக்கு மேலே இருக்கிற இடைவெளியில் சைன் முப்பத்தைந்து போகும், கிட்டத்தட்ட ஏழில் நாலு. முப்பதில் ஏழில் நாலு, பதினேழு. இருந்தது பதினைந்து. பதினைந்தில் பதினேழு போனால் இரண்டு குறைகிறது. இரண்டு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் தரைக்குள்ளே. இன்னொரு முறை. கவசம் முப்பது என்று யார் சொன்னது, என் விரல் சொன்னது, என் விரல் என்ன அளவுகோலா, இருபத்தைந்தாக இருந்தால்? இருபத்தைந்தில் ஏழில் நாலு, பதினான்கு, அப்போது ஒரு மில்லிமீட்டர் மிச்சம், தட்டாது. ஒரு மில்லிமீட்டரில் அவள் கழுத்து. முப்பத்தைந்தாக இருந்தால் இருபது, ஐந்து உள்ளே. திரும்பத் திரும்ப என் மனசு இருபத்தைந்திலேயே போய் நிற்கிறது, எனக்குப் பிடித்த எண் அது, ஏனென்றால் அப்போது நான் கையைத் தூக்க வேண்டியதில்லை. இருபத்தைந்தாக இருக்கட்டும் என்று கேட்கிறேன், யாரிடம் கேட்கிறேன்? தரை நேற்றுப் புதுத் தார், இங்கே லாரி ஏறி ஏறி மேடும் பள்ளமும். வேகத்தில் சாயும்போது வண்டி கனம் கூடி ஸ்பிரிங்கில் அமுங்கும், நேற்றும் அமுங்கியது, அது அந்தப் பதினைந்துக்குள் அடக்கம், ஆனால் இந்த மேட்டில் இன்னும் அமுங்கும், எவ்வளவு என்று தெரியாது, தெரியாது என்பதை எந்தப் பக்கம் கூட்டுவது? “அம்முணி, தண்ணி குடிக்கறீங்களா? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு.” வேண்டாம் அக்கா. “வட்டத்த விட்டு வரக்கூடாதுன்னா நான் கொண்டாந்து ஊத்தறேன், வாயத் தொறங்க.” வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, அவர் முகம் சுருங்கிப் போனது. அக்கா, நீங்கள் ஓடிப் போய்த் தொடக்கக் கோட்டில் நிற்கிற ஒரு பையனிடம் சொல்ல முடியுமா? என்ன சொல்வது? வண்டியை நிறுத்து, மதிவதனி சொல்கிறாள். அவன் சிரிப்பான். மதிவதனி எப்போதும்தான் சொல்கிறாள். போன மாதம் பேட்டரி சுடுகிறது, தீப்பிடிக்கப் போகிறது என்று கத்தி ஒரு வாளி மணலை வாரி அதன்மேல் கொட்ட வைத்தாள், பேட்டரி சுடவில்லை, வெயிலில் வைத்திருந்த வெப்பமானிதான் சுட்டது, மணலை எடுக்க நாலு நாள் ஆனது. அதற்கப்புறம் ஒரு வாரம் யாரும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அக்காவிடம் சொன்னேன். சொல்லிப் பார்த்தேன். “என்ற எடத்த விட்டு நான் போனா சூப்பர்வைசர் கத்துவாருங் கண்ணு, இங்க மண்ணுல வழுக்கி உளுந்தா என்னையத்தான் கேப்பாங்க. நீங்கதான் கொடி வெச்சிருக்கீங்கல்ல?” நான்தான் கொடி வைத்திருக்கிறேன்.

தூக்கினால் என்ன ஆகும்? ஓட்டம் ரத்து. இரண்டு வருட உழைப்பு போகும். நவநீதன் படித்து முடித்ததும் வேலைக்குச் சேரப்போகும் நிறுவனத்தின் ஆட்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருக்கிறான். வதனி பொறாமையில் தூக்கினாள் என்பார்கள், மோட்டார் சண்டையில் தோற்றவள், கடைசியில் பழிவாங்கிவிட்டாள். அது உண்மையில்லை என்று எப்படி நிரூபிப்பேன்? அது உண்மையில்லையா? காலையில் இந்த வட்டத்துக்குள் வந்து நின்றபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், உடைந்து விழட்டும், அப்போது தெரியும் யார் சொன்னது சரி என்று, அப்படி ஒரு நினைப்பு வந்ததா இல்லையா? வந்தது. நான் சரி என்பதற்காக ஒரு வண்டி உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வண்டிக்குள் ஆள் இருப்பதை மறந்துவிட்டு. இப்போது தூக்குகிற கை அந்த ஆசையின் கையா, இந்தப் பயத்தின் கையா? இரண்டும் ஒரே தோளில்தான் தொங்குகிறது. தூக்காவிட்டால்? தட்டாமல் போய்விட்டால் யாருக்கும் தெரியாது, பச்சையை ஆட்டுவேன், சான்றிதழ் வாங்குவோம், இந்தக் கணக்கை என்னோடு வைத்துக்கொள்வேன், சாகும்வரை யாரிடமும் சொல்லாத ஒரே வாதம் இதுவாக இருக்கும். தட்டிவிட்டால், முறுக்கு டப்பாவோடு நிற்கிற ஒரு மனிதரிடம் நான் என்ன சொல்வேன், இருபத்தைந்து என்று நினைத்தேன் அத்தா, முப்பதாக இருந்துவிட்டது, என்றா? அவர் கேட்பார், உனக்குத் தெரியுமா அம்மா முன்னாலேயே? கத்தமாட்டார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. தெரியும் அத்தா, பத்து நிமிடம் முன்னால் தெரியும். பத்து நிமிடம். பந்தல் பக்கம் விசில். ஒரு விசில் என்றால் சோதனை முடிந்தது. இன்னொரு விசில் வந்தால் கிளம்பிவிட்டது. மேகம் ஒன்று திடலின் அந்தக் கோடியில் நிழலை இழுத்துக்கொண்டு வருகிறது, நிழல் வருகிறது, நிழலுக்கும் சத்தமில்லை.

இரண்டாவது விசில்.

இப்போது எதுவும் கேட்காது. தெரிந்ததுதான், இருந்தும் கேட்கிறேன், காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறேன், ருக்குமணி அக்காவின் வளையல், எங்கோ ஒரு தகரம் காற்றில் அடிப்பது. முதல் வளைவு நாலு வினாடி, நேர்ப்பாதை ஆறு, இரண்டாம் வளைவு நாலு, எண்ணு, ஒன்று, இரண்டு, சிவப்பை மேலே தூக்கு, தூக்கிவிட்டேன், என் கை மேலே இருக்கிறது, எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை, கை தூக்கியிருக்கிறது, ஆறு, ஏழு. பார்ப்பாளா? ஷஃப்ரீன் வளைவில் எதைப் பார்ப்பாள்? உள்விளிம்பைப் பார்க்கமாட்டாள். வளைவு முடிந்து வெளியேறுகிற இடத்தைத்தான் பார்ப்பாள், கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், சாய்கிற வண்டியில் ஓட்டுகிறவர் முதலில் பழகுவது அது, நல்ல ஓட்டுநர் கொடியைப் பார்க்கமாட்டாள், அவள் நல்ல ஓட்டுநர். இந்த வட்டத்தை எந்த மடையன் உள்விளிம்பில் போட்டான்? இங்கே நின்று நான் ஆயிரம் கொடி ஆட்டினாலும் அவள் கண்ணின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான், அதைப் புரிந்துகொள்வதற்குள் சாய்ந்திருப்பாள். சாய்ந்த பிறகு திடீரென்று பிரேக் பிடித்தால் அது இன்னும் மோசம். சாய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அவள் கண் இருக்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். பத்து. பதினொன்று. “அம்முணி! அம்முணி, எங்க போறீங்!” சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிவிட்டேன், தார் கால் அடியில் இளகுகிறது, செருப்பு ஒட்டுகிறது, வளைவு முடிகிற இடத்தின் நடுவில் நின்று சிவப்பை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே விரித்துப் பிடித்தேன். மஞ்சள் ஹெல்மெட். வெள்ளை மூக்கு. எவ்வளவு வேகம், மெதுவாக வந்தபோது இருந்த வண்டியே இல்லை இது, சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டே வருகிறது, இடப்பக்கம் சாய ஆரம்பிக்கிறது, பத்து டிகிரி, பதினைந்து, பாருடி, பார், நீ போக வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன், அங்கேதானே பார்ப்பாய், பார். பார்த்தாள். ஹெல்மெட் ஒரு நூல் உயர்ந்தது. வண்டி நிமிர்ந்தது, வளைவை விட்டு நேராகப் போனது, என்னை விட்டுத் தள்ளி, வெளிவிளிம்பை நோக்கி, பிரேக் பிடித்துப் பிடித்து, பின்சக்கரங்கள் இரண்டு முறை தாவி, டயர் அடுக்கில் மூக்கைக் குத்தி நின்றது. மேலே இருந்த ஒரு டயர் மெதுவாக உருண்டு விழுந்தது.

அவள் தானாக இறங்கினாள். இரண்டு காலிலும் நின்றாள். நான் ஓடினேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. “லூசாடி நீ? செத்திருப்படி! நடுரோட்ல வந்து நிக்கற! உன்மேல ஏத்தியிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?” என் தோளைப் பிடித்து உலுக்கினாள், உலுக்குவதை நிறுத்தவும் தெரியவில்லை அவளுக்கு. ஒலிபெருக்கி எங்கள் அணியின் எண்ணைச் சொல்லி, ரத்து, ரத்து என்று இரண்டு முறை சொன்னது. பந்தலிலிருந்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள், முன்னால் வெள்ளைச் சட்டையில் நவநீதன் ஓடிவருகிறான், அவன் வாய் திறந்து திறந்து மூடுகிறது, அவ்வளவு தூரத்திலிருந்து இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஷஃப்ரீன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள், சக்கரம், சட்டம், அடிப்பக்கம், எல்லாம் அப்படியே இருந்தன, வெள்ளை மூக்கில் மட்டும் ஒரு கறுப்புத் தடம். “என்னடி ஆச்சு? எதுக்கு நிறுத்தின? நான் நல்லாத்தானே வந்தேன், ஒண்ணும் தட்டலையே?” நவநீதன் வருவதற்குள் இருபது வாக்கியம் சொல்லலாம், கோயில், களிமண், கவசம், ஏழில் நாலு, எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன, ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. அவள் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, காலர் எலும்புக்கு மேலே நரம்பு துடித்துக்கொண்டிருந்தது, வேகமாக, ஒழுங்காக.

“ஆமா” என்றேன். “ஒண்ணும் தட்டலை.”